தோற்று வந்த டீமுக்கு வெடி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார்.

பயப்படாதீர்கள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். போர்ட் பிளேர் மைதானத்தில் எங்கள் ஆபீஸ் ஃபுட்பால் டீம் கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றுப்போயிருந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? மைதானத்திலிருந்து எந்த வழியாக வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. குடையை எடுத்து வந்தேனா என்றும் ஞாபகமில்லை. (எடுத்து வரவில்லை என்பது மறுநாள் மழையில் தெரிந்தது.) ஈஸிசேரில் சாய்ந்து, கூரையிலிருந்த பல்லியை வெறித்துப் பார்த்தபடி கிடந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஹால்தார் பாபு வந்தார். பெங்காலிக்காரர். என்னோடு அதே மைதானத்தில், அதே டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். உள்ளே வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் மனைவி கோமதி டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். பெருமூச்சு விட்டார். எழுந்து வந்து என் கையை ஒருமுறை அழுத்தினார்.

"க்யா கரேகா, பாபு..." என்றார். என்ன செய்ய முடியும் என்று அர்த்தம். போய்விட்டார்.

கோமதி காலி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல மனுசன். எப்ப எடுக்கப் போறீயன்னு மட்டுந்தான் கேக்கல."

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் விளையாட்டுத் திறமை பற்றித் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் ஆயுளில் நான் ஃபுட்பாலை உதைத்ததில்லை. பந்து என்னை நோக்கி வந்தால், பெரிய மனிதர்களுக்கு வழிவிடுவதுபோல் மரியாதையாக ஒதுங்கி நின்றுவிடுவேன். ஆனாலும் எங்கள் டீம் ஜெயித்தால் "நாம ஜெயிச்சிட்டோம்" என்பேன். தோற்றால்? "இவனுங்க தோத்துட்டானுங்க."

ரசிகனின் இலக்கணத்தில் தன்மைப் பன்மை ஜெயிக்கிற நாளுக்கு மட்டும்தான்.

ஆனால் தோல்வி என்று வந்துவிட்டால் அழுவது யார்? ஆடியவன் மேலே இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறான். நமக்குத்தான் சோறு இறங்குவதில்லை. ஏன் இப்படி? எனக்கும் தெரியாது. ஆனால் இந்த வியாதி எனக்கு முற்றிய இடம் தெரியும். லாங் ஐலண்ட்.

நான் அந்தமானுக்கு வந்த புதிதில் என்னைத் தூக்கி அங்கேதான் போட்டார்கள். நடு அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவு. ஒரு ஜெட்டி, ஒரு மர ஆலை, இரண்டு கடை, ஒரு டிஸ்பென்சரி, மிச்சமெல்லாம் காடும் அட்டையும். ஆலையில் நான் ஸ்டோர் கிளார்க். ஊருக்கு "ஸ்டோர் பாபு". ஆணி கேட்டால் ஆணி, கிரீஸ் கேட்டால் கிரீஸ் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம்.

பொழுதுபோக்கு? எப்போதாவது போட் வரும். அதைப் போய்ப் பார்ப்போம். போட் வராத நாளில் ஃபுட்பால். மரத்தூளைக் கொட்டி மேடாக்கிய ஒரு மைதானத்தில் பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று எல்லோரும் ஒன்றாக விழுந்து புரளுவார்கள். கோபம் வந்தால் அவரவர் பாஷையில் திட்டிக்கொள்வார்கள். சமாதானம் மட்டும் ஹிந்தியில்.

அந்த டீமுக்கு கேப்டன் சகாயம். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஆலையின் எஞ்சின் மெக்கானிக். கறுத்து, ஒல்லியாக, பேச்சில் படு சாது. பந்து காலுக்கு வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். அவன் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை. "ஷூ போட்டா பந்து என்ன சொல்லுதுன்னு கேக்காது, அண்ணாச்சி" என்பான். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் என்பதால் நான் அவனுக்கு அண்ணாச்சி. என்னைவிட அவனுக்கு நாலைந்து வயது கம்மி. அவன் மனைவி புஷ்பம் கைக்குழந்தையோடு அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தாள்.

ஒரு வருஷம் போர்ட் பிளேரில் தீவுகளுக்கு இடையே கேடயப் போட்டி வைத்தார்கள். எங்கள் டீமுக்கும் அழைப்பு வந்தது. தீவே ஜெட்டிக்கு வந்து வழியனுப்பியது. தகர மெகாஃபோனில் நான்தான் பேசினேன். எங்கே நாலு பேர் கூடினாலும் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே... அந்த ஆள் நான்.

என் பேச்சில் ஊருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "கேப்டன் பேசணும்! கேப்டன் பேசணும்!" என்று கத்தினார்கள். சகாயம் கூச்சத்தில் நெளிந்தான். மெகாஃபோனை வாங்கினான். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"கேடயம் இல்லாம இந்த ஜெட்டில கால் வைக்க மாட்டேன்."

கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாத குறை. ஜெட்டிக்குக் கூரை கிடையாது என்பதால் பிழைத்தது.

டீம் போய்விட்டது. நாங்கள் காத்திருந்தோம்.

இப்போதுபோல் டெலிபோன் எல்லாம் அன்று எங்களுக்குக் கிடையாது. ஆபீஸில் ஒரு வயர்லெஸ் இருந்தது. அதில் மரக் கணக்கும் புயல் எச்சரிக்கையும் பேசுவார்களே தவிர, ஃபுட்பால் பேசினால் மேனேஜருக்குப் பிடிக்காது. ஆகவே போட் வந்தால்தான் செய்தி. தோற்றால் தோற்ற அன்றே தெரிந்துவிடுகிற ஊர்க்காரர்களுக்கு எங்கள் அவஸ்தை புரியாது. மேட்ச் எப்போதோ முடிந்திருக்கும். நாங்கள் மட்டும் இன்னும் வேண்டிக்கொண்டிருப்போம். ஆடி முடிந்த ஆட்டத்துக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்ட ஆள் நான்.

ஒருநாள் மத்தியானம் ஒரு சரக்கு போட் வந்தது. அரிசி மூட்டைகளோடு மாயாபந்தருக்குப் போகிற போட். எங்கள் தீவில் அதற்கு வேலை இல்லை. அலை வேறு தூக்கிப்போட்டது. நிற்காமல், ஜெட்டிக்குக் கொஞ்சம் தள்ளியே கடந்துபோனது. அதை ஓட்டுகிறவர் காதர் சாரங்கு. மலபார்க்காரர், எங்களுக்குப் பழக்கமானவர். நாங்கள் ஓடினோம். ஜெட்டி முனையில் நின்று கத்தினோம்.

"மேட்ச்! மேட்ச் க்யா ஹுவா?"

அவர் வெளியே வந்தார். வாயில் கையைக் குவித்துக் கத்தினார்.

"ஃபைனல்... தோ-ஏக்! தோ-ஏக்!"

அதற்கப்புறம் ஏதோ சொன்னார். காற்று கொண்டுபோய்விட்டது. கடைசியாக இரண்டு கைகளையும் உயரே தூக்கிக் காட்டினார். போட் போய்விட்டது.

தோ என்றால் இரண்டு, ஏக் என்றால் ஒன்று. அந்தமானில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் தெரியும். இரண்டுக்கு ஒன்று! ஃபைனலில்!

யாருக்கு இரண்டு? யாருக்கு ஒன்று?

அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. ஸ்கோரை மட்டும் ஒருவன் சொன்னால் பெரிய எண் நம்முடையது. அதிலென்ன சந்தேகம்? கேன்டீன் சமையல்காரர் அப்பாராவ், "ஜீத் கயா", ஜெயித்தாச்சு என்று தன் இரண்டு காதாலும் கேட்டதாகச் சத்தியம் செய்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் கேட்டிருந்தது.

ஆலையில் சைரன் ஊதினார்கள். ராஞ்சிக்காரர்கள் மேளத்தை எடுத்தார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

"கோமதி! ரெண்டு-ஒண்ணு! ஜெயிச்சிட்டோம்!"

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மனைவி. அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து கேட்டாள்:

"யாரு ரெண்டு?"

"நாமதான்!"

"சாரங்கு அப்படிச் சொன்னாரா?"

"உனக்கு ஃபுட்பாலப் பத்தி ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

சும்மா இருந்தாள். பிறகு எனக்காக, இருந்த ரேஷன் நெய்யையெல்லாம் ஊற்றிக் கேசரி கிளறப் போனாள்.

டீம் திரும்பிவரும் போட் வருவதற்குள் தீவு கல்யாண வீடாகிவிட்டது. ஜெட்டியில் தென்னங்கீற்றுத் தோரணம். கடைக்காரர் தீபாவளிக்கென்று தருவித்து வைத்திருந்த வெடிகளை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். அப்பாராவ் மான்கறி பிரியாணிக்கு அண்டா ஏற்றினார். அப்போதெல்லாம் அங்கே ஆட்டுக்கறிதான் அபூர்வம். ஆலைத் தச்சர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நல்ல வைரம் பாய்ந்த படாக் மரத்தில், கேடயத்தை வைப்பதற்கு ஒரு பீடம். சிவப்பாக, பாலிஷ் போட்டு, முகம் பார்க்கலாம்போல. ஜெட்டியில் ஒரு மேஜை மேல் அதைத் தூக்கி வைத்து அதற்கும் ஒரு மாலை போட்டோம்.

நான்? வரவேற்புரை தயாரித்தேன். அடுக்குமொழியில். நடக்கும்போதும் ஆணி எண்ணும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

போட் வந்தது.

கயிறு விழுந்ததும் வெடிக்குத் தீ வைத்தார்கள். மேளம் முழங்கியது. நான் மெகாஃபோனை எடுத்தேன். "வெற்றிக் கனியைப் பறித்து, வீரத்தின் விலாசத்தைப் பொறித்து, வங்கக் கடலைக் கிழித்து வரும் எங்கள் வேங்கைகளே!"

முதல் வேங்கை இறங்கியது. கோல்கீப்பர் விஸ்வாஸ். முகம் வெளிறிக் கிடந்தது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கழுத்தில் மாலை விழுந்ததும் திருதிருவென்று விழித்தான். அடுத்தவன் இறங்கினான். அவனும் விழித்தான். ஒவ்வொருவனும் மாலையை வாங்கிக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன்போல ஓரமாகப் போய் நின்றான்.

ஏன் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நான் வாயை மூடினால்தானே? தோற்றவனுக்கும் மாலை போடுவது மதராஸிகளின் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்ததாக விஸ்வாஸ் பிற்பாடு சொன்னான். நல்ல சம்பிரதாயம் என்றும் நினைத்தானாம்.

கேடயத்தைக் காணோமே என்று எங்களுக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. கேப்டன்தானே தூக்கிக்கொண்டு வருவான்! கடைசியாக இறங்குவான், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு... எல்லோரும் அந்தக் காட்சிக்காகத்தான் காத்திருந்தோம்.

பத்துப் பேர் இறங்கிவிட்டார்கள். சகாயம் வரவில்லை.

என் அடுக்குமொழி தீர்ந்துபோய் இரண்டாம் தரம் ஆரம்பித்திருந்தேன். புஷ்பம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"அண்ணாச்சி, எல்லாரும் எறங்கியாச்சே. அவுகள எங்க?"

"கேடயத்தத் தொடச்சிட்டு இருப்பாம்மா."

"ரொம்ப நேரமாச்சு. இந்த போட்டு சாரங்கு வேற கயித்த அவுக்கச் சொல்லுதாரு. போய்ப் பாருங்களேன்."

மெகாஃபோனோடு போட்டுக்குள் ஏறினேன். எஞ்சின் அறைப் பக்கம் டீசல் வாடையில், தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சகாயம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கண் சிவந்தது.

"கேலி பண்ணுதியளா, அண்ணாச்சி?"

"என்னது?"

"தோத்துப்போயி வாறவனுக்கு வெடியா? மேளமா? அப்படி என்ன செஞ்சுட்டேன் ஒங்களுக்கு?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "தோத்து... யாரு தோத்தது?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நாமதான். ரெண்டு-ஒண்ணு."

"அதான! ரெண்டு நாம—"

"ரெண்டு அவுங்க. ஒண்ணு நாம."

ஆட்டம் முடியப்போகிற நேரம் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்திருக்கிறது. போட்டால் சமம். கேப்டன் என்று இவன்தான் அடித்திருக்கிறான். பந்து கோல்போஸ்டுக்கு மேலே பறந்து தூங்குமூஞ்சி மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டதாம்.

"ஜெட்டில வச்சு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போனேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எறங்கட்டும்? நான் இப்படியே மாயாபந்தர் போறேன். மெக்கானிக்குக்கு எங்கயும் வேல இருக்கும். புஷ்பத்தையும் பிள்ளையையும் அடுத்த போட்ல ஏத்தி விட்டுருங்க."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? தோளில் கைபோட்டு, "வெற்றி தோல்வியெல்லாம் சகஜம்டா தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். மெகாஃபோனே கையில் இருக்கிற சொற்பொழிவாளன் வேறு!

நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கே சுருட்டி வைத்திருந்த கயிற்றுக் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்தேன். அழுதேன்.

சும்மா கண் கலங்கவில்லை. விம்மி விம்மி, மூக்கு ஒழுக... அப்பா செத்த தந்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. சைரன் ஊதினோமே! கேசரி கிளறினோமே! படாக் பீடம்! ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அழுதேன்.

சகாயம் பயந்துபோய்விட்டான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"அண்ணாச்சி... ஏன் அண்ணாச்சி... வெறும் பந்துதான அண்ணாச்சி..."

"பீடம் செஞ்சு வச்சிருக்கோம், சகாயம்..."

"சரி, விடுங்க. அழாதிய. ஆளுக பாக்காவ."

தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தான். தண்ணீர் கொடுத்தான். நான் எழுந்திருக்கிற வழியாக இல்லை. மேலேயிருந்து சாரங்கு கத்திக்கொண்டிருந்தார். கடல் தண்ணீர் வற்றுகிறது, போட்டை எடுக்க வேண்டும் என்று.

"அண்ணாச்சி, நீங்க எறங்கணும். இல்லேன்னா நீங்களும் என்கூட மாயாபந்தர்தான்."

கடைசியில் என்னை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தன் பெட்டியையும் என் மெகாஃபோனையும் தூக்கிக்கொண்டு அவன்தான் என்னை இறக்கிக் கொண்டுவந்தான். கேடயம் இல்லாமல் கால் வைக்க மாட்டேன் என்றவன், ஒரு ஸ்டோர் கிளார்க்கைத் தாங்கிக்கொண்டு கால் வைத்தான்.

ஜெட்டியில் நின்றவர்கள் என்ன பார்த்தார்கள்? கேப்டனின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டு வரும் ஸ்டோர் பாபுவை. ஆனந்தக் கண்ணீர்! ராஞ்சிக்காரர்கள் மேளத்தை இன்னும் வேகமாக அடித்தார்கள். மிச்சமிருந்த வெடியையும் மொத்தமாகக் கொளுத்திவிட்டார்கள்.

சத்தம் அடங்கும்வரை சகாயம் நின்றான். மெகாஃபோனைத் தூக்கினான்.

"ஹம் ஹார் கயா!" என்றான். பிறகு தமிழில்: "தோத்துட்டோம். பெனால்டிய நாந்தான் வெளிய அடிச்சேன்."

மேளம் நின்றது. ஒரு சின்னப் பட்டாசு மட்டும் விஷயம் தெரியாமல் தனியாக வெடித்தது.

யாரோ ஒருவர் தோரணத்தைப் பிடித்து இழுத்து அறுத்தார். கடைக்காரர் காலடியில் கிடந்த வெடிக் காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். அப்பாராவைச் சிலர் முறைத்தார்கள். "அரே, காத்துல அப்படித்தான் கேட்டுச்சு" என்றார் அவர். புஷ்பம் மட்டும் நேராகப் போய்ப் பிள்ளையைச் சகாயத்தின் கையில் கொடுத்தாள். அவனுக்கென்று கட்டி வைத்திருந்த மாலையை எடுத்தாள். அவன் கழுத்தை நீட்டவில்லை. "குனியுங்க. எனக்கு எட்டல" என்றாள். குனிந்தான்.

அப்புறம்? அப்புறம் என்ன, பிரியாணி வெந்துவிட்டது. துக்கத்துக்காக மான்கறியைக் கடலில் கொட்ட முடியுமா? எல்லோரும் கேன்டீனுக்குப் போனோம். எழவு வீட்டில் சாப்பிடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தோம்.

முதல் கை சோறு உள்ளே போனதும் ஒருவர் சொன்னார்: "மைதானம் ஈரமா இருந்திருக்கும்." இன்னொருவர்: "ரெஃப்ரி அவங்க ஆளு." மூன்றாமவர்: "போட்ல வந்த களைப்பு." அதுவரை போர்ட் பிளேர் மைதானத்தை அவர்களில் பாதிப்பேர் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டாவது தடவை பரிமாறும்போது எங்களுக்கு இரண்டு கோல் மறுக்கப்பட்டிருந்தது. தயிர் வருவதற்குள் தர்மப்படி நாங்கள் ஜெயித்துவிட்டோம். எனக்கும் அழுகை நின்று முகத்தில் களை வந்துவிட்டது.

அப்போதுதான் சகாயம் கெடுத்தான்.

"ரெஃப்ரி சரியாத்தான் ஊதுனாரு" என்றான். "மைதானமும் காய்ஞ்சுதான் கெடந்துச்சு. அவுங்க நம்மளவிட நல்லா ஆடுனாங்க."

இலைகளுக்கு மேல் கைகள் அப்படியே நின்றன.

"ஏம்ப்பா, உனக்கு வருத்தமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? போட்ல வாறப்பவே அழுது தீத்துட்டேன். மிச்சத்த நீங்க அழுதுட்டிய. இப்ப பசிக்கி." அப்பாராவைப் பார்த்து, "தோடா அவுர், பாய்" என்று இன்னும் கொஞ்சம் கேட்டு இலையைக் காட்டினான்.

எங்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தோற்றதைக்கூட மன்னித்துவிடலாம். நாங்கள் கஷ்டப்பட்டுக் கட்டி முடித்த ஆறுதலை இவன் ஒரே உதையில் இடிக்கிறானே! பெனால்டியை இவ்வளவு நேராக அடித்திருக்கக் கூடாதா?

சில நாள் கழித்துக் காதர் சாரங்கு வந்தபோது ஊரே அவரை மறித்தது. மனுஷன் அசரவில்லை. "மைனே தோ 'ஹார் கயா' போலா தா. தும் லோக் பஹ்லே ஹி நாச்னே லகே!" என்றார். தோற்றுப்போனதைத்தான் சொன்னாராம்; அவர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் ஆட ஆரம்பித்துவிட்டோமாம். இரண்டு கையையும் தூக்கினாரே? தூக்கவில்லையாம். விரித்தாராம்.

கையைத் தூக்குவதற்கும் கையை விரிப்பதற்கும் வித்தியாசம் தெரிய, ரசிகனாக இல்லாதிருக்க வேண்டும்.

படாக் பீடத்தில் மேனேஜர் ஃபைல் வைத்துக்கொண்டார். சகாயம் அடுத்த வாரமே மைதானத்துக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. மைதானத்தைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது என்று ஓடைப் பக்கம் சுற்றி ஆபீஸ் போனேன். அட்டைகளுக்குத்தான் கொண்டாட்டம். கெண்டைக்காலில் ரத்தம் வழிய வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்துக் கோமதி, "ஆடுனவன் கால்ல ஒரு கீறல் இல்ல" என்றாள்.

ஒரு சாயங்காலம் சகாயம் ஸ்டோருக்கே வந்தான்.

"அண்ணாச்சி, பெனால்டி அடிச்சுப் பழகணும். விஸ்வாஸுக்கு ஷிஃப்ட். கோல்ல ஒரு ஆளு வேணும்."

"நானா?"

"சும்மா நில்லுங்க போதும்."

போய் நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. அவன் ஓடி வந்தான். நான் குனிந்தேன். கோல். மறுபடி ஓடி வந்தான். நான் உட்கார்ந்தேன். கோல். மூன்றாவது பந்துக்குக் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். அது என் வயிற்றில் மோதி நின்றது.

"தடுத்துட்டியளே!" என்று கத்தினான் சகாயம். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

மூச்சு வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும், மரத்தூளில் குப்புறக் கிடந்தபடி ஒன்று புரிந்தது. பந்து என்பது வலிக்கிற சாமான். இத்தனை வருஷமாக வெளியில் நின்று கத்திக்கொண்டிருந்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போனேன். லாங் ஐலண்டின் சரித்திரத்தில் அவ்வளவு சுலபமான கோல்கீப்பர் கிடைத்ததில்லை. என்னை எதிரே வைத்து அடித்து அடித்தே சகாயத்துக்குத் துணிச்சல் திரும்பியது. விளையாட்டுக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

மறு வருஷமும் போட்டி நடந்தது. லீவு போட்டுவிட்டு நானும் டீமோடு போனேன். செமிஃபைனலில் ஒரு பெனால்டி கிடைத்தது. சகாயம் அடித்தான். உள்ளே போனது. நான் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

ஆட்டத்தில் மூன்று-ஒன்று என்று தோற்றோம்.

திரும்பி வரும் போட்டில் சகாயம் பொரித்த மீனும் சோறும் ரசித்துச் சாப்பிட்டான். பிறகு மேல்தளத்தில் கால் நீட்டித் தூங்கிவிட்டான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றேன். கண்ணில் உப்புக்காற்று பட்டதாக விஸ்வாஸிடம் சொன்னேன்.

அரசாங்க உத்தியோகத்தில் இத்தனை வருஷம் இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். தோல்வி என்பது ஆடுகிறவனுக்குச் சம்பளம் மாதிரி, வந்த கையோடு செலவாகிவிடும். பார்க்கிறவனுக்கு அது பென்ஷன்... உயிர் இருக்கிறவரை வந்துகொண்டே இருக்கும்!